மண்ணெண்ணெய் குடிக்கும் ட்ரக்

மார்ச் 3, செவ்வாய்

இருபத்திரண்டு வருஷம் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். ஒவ்வொரு காலையும் எஞ்சினைப் போட முதல் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, விளக்குகளைப் பார்த்து, குனிந்து கீழே ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்து, பார்த்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எழுதாமல் ஓடினால் வேலை போகும். போன மாதம் ஓய்வு பெற்றேன். பஸ்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், பழக்கத்தை வாங்கவில்லை. ஆகவே இந்தப் புத்தகம்.

இன்றைய நிலவரம்: வாசலில் இருபத்திரண்டு அடி நீள ட்ரெயிலர் ஒன்று நிற்கிறது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, குளியலறை, சின்ன மேசை. சாமான் ஏற்றினால் மூவாயிரம் கிலோ. இழுக்க வாகனம் இல்லை. எங்களுடைய சின்ன வான் வண்டியில் கொழுவினால் ட்ரெயிலர்தான் வானை இழுத்துக்கொண்டு போகும்.

மகன் நிரூபன் வேலை முடிந்து நேரே வந்தான். ட்ரெயிலரைக் கண்டதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"அம்மா, உங்களுக்கு விசரே?"

இல்லை என்றேன். அப்பாவை ஏற்றிக்கொண்டு மேற்கே பசிபிக் கடல் வரைக்கும் போகப்போகிறேன் என்றேன். இவரின் பெயரைப் பராமரிப்பு இல்லத்தில் பதிந்து எட்டு மாதமாகிவிட்டதாம். எந்த நாளும் அங்கே ஒரு கட்டில் காலியாகி வரலாமாம் என்றான். வந்தால் ஒரு நாளைக்குள் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பதியும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கையெழுத்து வைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இவர் என்றால் என் கணவர் பரராஜசிங்கம். எழுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் லொறி எஞ்சின் திருத்தியவர். இப்போது ஞாபகம் கொஞ்சம் தவறுகிறது. எனக்கும்தான் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரிவதில்லை. அதற்காக என்னை யாரும் இல்லத்தில் சேர்க்கவில்லையே.

வீட்டுக்குள் இருந்தால் இவர் அறை அறையாக நடப்பார். எதையோ தேடுவார், எதை என்று கேட்டால் கோபம் வரும். வானில் ஏற்றி பெல்ற்றைப் போட்டு ஓடத் தொடங்கினால் ஆள் அமைதி. கை மடியில், கண் றோட்டில், காது எஞ்சினில். நாற்பது வருஷமாக நான் பார்த்த அதே மனிதன். இதைச் சொன்னால் டொக்டர் தலையை ஆட்டுகிறார், எழுதிக்கொள்வதில்லை.

கட்டில் வர முதல் ட்ரக் வரவேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 7, சனி

வாகனம் விற்கும் இடத்துக்கு மூவரும் போனோம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வந்து நிரூபனுக்குக் கை கொடுத்தான். "அம்மா எவ்வளவு தூரம் ஓடுவா?" என்று நிரூபனிடம் கேட்டான். அம்மா இரண்டு அடி தள்ளித்தான் நிற்கிறாள்.

பாரம் இழுப்பதென்றால் டீசல்தான் என்று எனக்குத் தெரியும். மலை ஏறும்போது பெற்றோல் எஞ்சின் கத்தும், டீசல் எஞ்சின் தோள்கொடுக்கும். எந்த டீசல் என்பதில்தான் சிக்கல். இப்போது பம்பில் வருவது முழு டீசல் இல்லை, தாவர எண்ணெயில் செய்த டீசலும் அதில் கலந்திருக்கும். ஓரிடத்தில் நூற்றுக்கு ஐந்து, இன்னோரிடத்தில் இருபது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எல்லை. தாண்டினால் உத்தரவாதம் இல்லை. வழியில் நூற்றுக்கணக்கான பம்பில் அடிக்கப்போகிறவள் இதைக் கேட்காமல் வாங்கினால் மடைச்சி.

ஆகவே கேட்டேன், ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக. இந்த ட்ரக் எத்தனை வீதக் கலப்பு வரைக்கும் தாங்கும்? அவனுக்குத் தெரியவில்லை. ஆசனத்தின் நிறத்தைப் பற்றிச் சொன்னான். திரும்பவும் கேட்டேன். உள்ளே போய்க் கேட்டு வருவதாகச் சொன்னான். இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். வரவில்லை.

நிரூபனுக்கு வெட்கம். எனக்கு நல்ல பசி.

மார்ச் 9, திங்கள்

அடுப்பைத் திருகும் பித்தான்களைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். கழுவ வசதி.

மார்ச் 14, சனி

அன்ரனின் கராஜுக்குப் போனோம். அன்ரன் யாழ்ப்பாணத்தில் குருநகர் ஆள், இவரிடம் வேலை பழகியவன் இல்லை, இவரோடு ஒரே இடத்தில் வேலை செய்தவன். இப்போது சொந்தக் கராஜ். அவனுடைய கூட்டாளி ஒருவர் பத்து வருஷ டீசல் ட்ரக் ஒன்றை விற்கிறார். கறுப்பு நிறம், நல்ல உயரம், கண்ணாடிகள் காதைப்போல வெளியே.

அன்ரன் மூடியைத் திறந்து காட்டினான். இரண்டு வாய் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று டீசலுக்கு. நீல மூடி போட்டது புகையைச் சுத்தம் செய்யும் திரவத்துக்கு. அது என்ன திரவம் என்று கேட்டேன். தண்ணீரில் கரைத்த யூரியாவாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளில், குண்டு செய்வார்கள் என்று, யாழ்ப்பாணத்துக்குள் யூரியா கொண்டுவரத் தடை. ஒரு பையோடு பிடிபட்டால் ஆள் வீட்டுக்குத் திரும்புவது சந்தேகம். இங்கே அதைப் பிளாஸ்ரிக் கான் கணக்கில் வாங்கி ட்ரக்குக்கு ஊற்றுகிறார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

"டீசல் வாய்க்குள்ளை இந்தத் திரவத்தை விட்டாலும் போச்சு, மண்ணெண்ணெய் விட்டாலும் போச்சு அக்கா," என்றான் அன்ரன். "புது எஞ்சினுக்கு டீசல்தான் எண்ணெயும். பம்புக்கு வழுவழுப்பு அதிலையிருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் வறண்ட சாமான். பம்ப் தன்னைத் தானே அரைச்சு, அந்தத் தூள் முழு எஞ்சினுக்கும் போயிடும்."

பேசிக்கொண்டிருக்கும்போது இவர் அந்தப் பக்கம் நின்ற வேறொரு லொறியின் எஞ்சினுக்கு மேலே காதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நாலு விரலைக் காட்டினார். டீசலைப் பீச்சும் நாலாவது இன்ஜெக்ரர் சரியில்லையாம். அன்ரன் சோதனை மெசினைப் பூட்டிப் பார்த்தான். நாலாவதுதான்.

நிரூபன் இருந்திருக்கவேண்டும். இல்லம், கட்டில் என்று கதைக்கிறவர்கள் எல்லோரும் இருந்திருக்கவேண்டும்.

மார்ச் 21, சனி

கறுப்பு ட்ரக்கை இரண்டு நாள் ஓடிப் பார்க்கத் தந்திருந்தார்கள். நேற்றுப் பின்னேரம் கொண்டுவந்து வாசலில் விட்டேன். இன்று காலை பத்து மணிக்கு நிரூபன் வர, ட்ரெயிலரைக் கொழுவி ஓடிப் பார்ப்பதாகத் திட்டம். ஒன்பதரைக்குக் குளிக்கப் போனேன். பத்து நிமிஷம். பதினொன்று என்று வைத்துக்கொள்வோம்.

வந்து வழக்கம்போல ட்ரக்கைச் சுற்றினேன். டயர் சரி. விளக்கு சரி. பின்பக்கம் வந்தபோது மூக்கில் ஏறியது. டீசல் மணம் தடிப்பானது, அடங்கிக் கிடக்கும். இது ஏறுகிற மணம். எண்ணெய் வாயைச் சுற்றி ஈரம். கீழே, கரண்ட் போன ஒரு குளிர்காலத்தில் ஹீற்றருக்கென்று வாங்கி கராஜ் மூலையில் வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கான். வெறுமை. விளம்பரப் பத்திரிகையைக் கூம்பாகச் சுருட்டிப் புனல் செய்திருந்தார். பம்பரில் என்னுடைய தேங்காயெண்ணெய்ப் போத்தல்.

இவர் பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. கொஞ்சம் போட்டேன்.

"தாண்டிக்குளம் பூட்டியாச்சு. இனி டீசல் வராது," என்றார். "இருக்கிறதை வைச்சு ஓடோணும். தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறன், பம்பைக் கடிக்காது. பயப்பிடாதையும்."

அந்த நாளில், போர் நடக்கும்போது, தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினால் டீசலும் பெற்றோலும் கிடையாது. பஸ்ஸும் லொறியும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. வறண்ட எண்ணெய் பம்பைத் தின்னாமல் இருக்க எவ்வளவு தேங்காயெண்ணெய் விடவேண்டும் என்று இவரிடம் வந்து கேட்டுப் போனவர்கள் எத்தனை பேர். இன்றைக்கும் அளவு பிசகியிருக்காது. செய்தது சரியான வேலை. வருஷம்தான் பிழை.

திறப்பைப் போட்டு முடுக்காததால் எஞ்சின் தப்பியது. அன்ரனைக் கூப்பிட்டேன். அவன் வந்து தொட்டியைக் கழற்றி முழுவதையும் வடித்தான். அதற்குள் நிரூபன் வந்துவிட்டான். அவனுக்கும் மூக்கு இருக்கிறது.

"ஆர் ஊத்தினது?"

"நான்தான்," என்றேன்.

அன்ரன் ட்ரக்குக்குக் கீழே இருந்தான். அப்படியே இருந்துவிட்டான்.

"அம்மா, நீங்கள் இருபத்திரண்டு வருஷம் டீசல் பஸ் ஓட்டினனீங்கள்."

"ஓம். களைச்சுப்போனன்."

மார்ச் 22, ஞாயிறு

ட்ரக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கூட்டாளி இனி எங்களுக்கு விற்கமாட்டாராம். நல்லது, மனிதர் முகமும் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

பொய் சொன்னதன் பலன்: நிரூபன் என்னையும் டொக்டரிடம் கூட்டிப்போனான். எனக்கும் ஞாபகச் சோதனை. ஐந்து சொல் சொன்னார்கள், கடைசியில் திருப்பிச் சொல்லவேண்டும். முகம், பட்டு, தேவாலயம், கப்பல், மஞ்சள். இதோ, இரவுச் சமையலும் முடித்து எழுதுகிறேன், ஒன்றும் போகவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், இரண்டு வரைக்கும் போய்விட்டேன், போதும் போதும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்தாள்.

போன வருஷம் இவருக்கும் இதே சோதனைதான். கடிகாரம் வரையச் சொன்னார்கள். இலக்கங்களை எல்லாம் ஒரு பக்கத்தில் குவித்துவிட்டார். எத்தனை மணி என்று காட்டச் சொன்னபோது தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொன்னார். மணி தெரிய வேண்டியவனுக்கு அதுதானே வழி?

வெளியே வந்து நிரூபனின் காரில் ஏறியதும் நான் வானொலியைக் கூட்டிவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

எல்லோரும் ஒரே புத்திமதி: எண்ணெய் மூடிக்குப் பூட்டுப் போடு. அன்ரனும் சொன்னான், வாங்கிக்கொண்டும் வந்துவிட்டான், பாவம்.

அடுப்புக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு. வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு கொளுக்கி, தைமாதம் போட்டது. முதல் நாள் அந்தக் கொளுக்கிக்குக் கீழே நின்று இவர் அழுததை நான் இந்தப் புத்தகத்தில் எழுதவில்லை, அப்போது இந்தப் புத்தகம் இல்லை. இப்போது எழுதியாயிற்று. முக்கால் மணி நேரம். என்ன பிழை செய்தேன் என்று கேட்டார்.

வீட்டில் பூட்டியதெல்லாம் போதும். ட்ரக்கிலும் பூட்டுப் போட்டு, வாழ்நாள் முழுக்க எஞ்சினைத் தொட்டவரை அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டி நிறுத்தமாட்டேன்.

அன்ரனிடம் சொன்னேன்: மனிசனை மாத்தேலாது, ட்ரக்கை மாத்து. மண்ணெண்ணெய் விட்டாலும் ஓடுகிற எஞ்சின் ஒன்று உலகத்தில் இல்லையா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். இருக்கிறதாம். முப்பது வருஷத்துக்கு முந்திய வண்டிகள். கணினி இல்லை, நீல மூடி இல்லை, பம்ப் முழு இரும்பு. கலப்பு டீசல், பழைய டீசல், மண்ணெண்ணெய், எதை விட்டாலும் கொஞ்சம் முனகும், நிற்காது. ஆனால் துரு, சத்தம், புகை என்று அடுக்கிக்கொண்டு போனான்.

எனக்கு முனகுகிறவர்களோடு பழக்கம் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 18, சனி

வடக்கே ஒன்றரை மணித்தியாலம் ஓடி ஒரு பண்ணைக்குப் போனோம். கிழவன் ஒருவன், பெயர் வோல்ரர். களஞ்சியத்துக்குள்ளே ட்ரக் நின்றது. இருபத்தொன்பது வயது. பச்சை நிறம் பாதி, துரு பாதி. வலப்பக்கக் கதவு திறக்க ஒரு உதை தேவை. ஆறு சிலிண்டர். கியர் கையால் மாற்றவேண்டும். இருபது வருஷம் அந்த மனிதன் இதில் மாடு ஏற்றிய ட்ரெயிலர் இழுத்திருக்கிறான். மாட்டை இழுத்தது எங்களை இழுக்காதா?

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதற்குள் ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன நடக்கும்?

எதற்காகக் கேட்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. கடும் குளிரில் டீசல் உறைந்துபோகும் என்பதால் தானே ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் மூன்றில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் விட்டதாகச் சொன்னான். இன்னும் உயிரோடு இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்றான். கழுத்துப்பட்டி கட்டியவன் இருபத்தைந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்காத பதில்.

இவர் எஞ்சினுக்கு மேலே காதை வைத்தார். நெடுநேரம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது நல்ல பிள்ளை," என்றார். "இதை விடாதையும்."

விடவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நிரூபன் ட்ரக்கைப் பார்த்தான். "இது என்ன தகரம்?" என்றான். நான் கதவை உதைத்துக் காட்டினேன், திறந்தது.

ஏப்ரல் 25, சனி

அன்ரன் பிறேக்குகள் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டான். ட்ரெயிலரின் பிறேக்கும் ட்ரக்கின் பிறேக்கும் சேர்ந்து பிடிக்க ஒரு பெட்டி பூட்டினான். கொழுவி நெடுஞ்சாலையில் ஓடினேன். இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. எங்களுக்கு அது ஒரு குறை இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

வழக்கமான 'நீர்' போய், இன்று முழுக்க என்னோடு 'நீங்கள்' என்று மரியாதையாகவே கதைத்தார். தேநீர் கொடுத்தபோது நன்றி சொன்னார். கலியாணம் முடித்து நாற்பத்தொரு வருஷத்தில் மரியாதை இன்றைக்குத்தான் கூடியிருக்கிறது.

துணி தோய்த்தேன். வெங்காயம் முடிந்தது, வாங்கவேண்டும்.

மே 12, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது. கட்டில் வந்துவிட்டது.

நல்ல இல்லமாம். தனி அறையாம், ஜன்னலால் மரம் தெரியுமாம். அந்தப் பெண் அன்பாகத்தான் கதைத்தாள், அவளில் குற்றம் சொல்லமாட்டேன். நாளை இதே நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். இல்லை என்றால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், திரும்பவும் பதிந்தால் எப்போது வரும் என்று தெரியாதாம்.

ட்ரக்கைச் சுற்றினேன். டயர் சரி. விளக்கு சரி. எண்ணெய் ஒழுகவில்லை. இன்னொரு தரம் சுற்றினேன்.

மே 13, புதன்

நிரூபன் எட்டு மணிக்கே பத்திரங்களோடு வந்தான். வேலைக்கு லீவு போட்டிருக்கிறான். கண் சிவந்திருந்தது, அவனும் நித்திரை கொள்ளவில்லை. இவர் ஜன்னலடியில் கதிரையில் இருந்து வாசலில் நின்ற ட்ரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா வழியிலை இறங்கிப் போயிட்டார் எண்டால்?"

"தேடுவன்."

"விழுந்தால்?"

"தூக்குவன். அறுபத்திரண்டு வயசு, முதுகு நல்லா இருக்கு."

"அம்மா, எனக்கு அப்பாவிலை அக்கறை இல்லை எண்டு நினைக்கிறியளே?" என்று கேட்டான். இல்லை என்றேன். உண்மைதான், அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்குக் கோபம் அவனில் இல்லை. யாரில் என்று தெரியவில்லை, அதனால்தான் அவனில் காட்டுகிறேன்.

"எத்தினை நாளைக்கம்மா இப்பிடி ஓடுவியள்?"

"டீசல் இருக்கும் மட்டும்."

"டீசல் முடிஞ்சால்?"

"மண்ணெண்ணெய் இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அண்டைக்கு ஊத்தினது அப்பா எண்டு எனக்குத் தெரியும்," என்றான் கைக்குள்ளிருந்து. "நீங்கள் ஊத்தியிருந்தால் செத்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டியள்."

"பின்னை ஏன் என்னை டொக்டரிட்டைக் கொண்டுபோனனீ?"

"நீங்களும் போயிடுவியளோ எண்டு பயம்."

அவனுடைய தலையைத் தடவினேன். முப்பத்தெட்டு வயதுத் தலை, நரை விழுந்திருக்கிறது.

பத்து மணிக்கு நானே போன் எடுத்தேன். வேண்டாம் என்றேன். அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள், உங்கள் கணவருக்கு என்ன நோய் என்று உங்களுக்கு விளங்குகிறதா என்று. இந்தப் புத்தகத்தில் அந்தச் சொல்லை ஒருநாளும் நான் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை. இன்று சொன்னேன். மறதிநோய், நடுக்கட்டம், திரும்பாது. மூன்று மாத மருந்து கையில் இருக்கிறது, எந்தெந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறேன், பனி விழ முதல் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிற்கிறோம் என்றேன். கடைசியில் நிற்பது எங்களுக்குப் புதிது இல்லை.

போனை வைத்த பிறகு நிரூபன் தண்ணீர் தந்தான்.

மே 23, சனி

புறப்பட்டோம். நிரூபன் ட்ரக்கைச் சுற்றிப் பார்த்தான், நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லியும் கேட்காமல் டயரைத் தட்டினான். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கவேண்டுமாம். வலப்பக்கக் கதவை உதைத்துத் திறந்து அப்பாவை ஏற்றி பெல்ற்றைப் போட்டுவிட்டான். இவர் அவனுடைய தோளில் தட்டி, "எஞ்சினை நிப்பாட்டாதை, பற்றரி பழசு," என்றார். பற்றரி புதிது. நிரூபன் ஓம் அப்பா என்றான்.

மாலை சட்பரிக்கு வந்தோம். ஒரு பம்பில் தாவரக் கலப்பு ஐந்து என்று ஒட்டியிருந்தது, இன்னொன்றில் ஒன்றும் ஒட்டவில்லை. ட்ரக் இரண்டையும் குடித்தது, ஒன்றும் சொல்லவில்லை.

மே 26, செவ்வாய்

ட்ரக்கின் பின்பெட்டியில் நானே ஒரு சின்னக் கான் மண்ணெண்ணெயும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் வைத்திருக்கிறேன். நிரூபனுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் நிறுத்தும்போது இவர் இறங்கி, ஒரு கோப்பை அளந்து, அதற்குள் தேங்காயெண்ணெய் விட்டு, கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தொட்டிக்குள் ஊற்றுவார். ஒரு சொட்டுக் கீழே போகாது. தொட்டியை இரண்டு தட்டுத் தட்டுவார்.

இன்று பக்கத்துத் தரிப்பிடத்தில் பெரிய புது ட்ரக்கோடு நின்ற ஒருவன் ஓடி வந்து, அவர் என்ன ஊற்றுகிறார் தெரியுமா, தடுக்கமாட்டாயா என்று என்னைக் கேட்டான். அவர் ஐம்பது வருஷ மெக்கானிக், உன்னுடைய எஞ்சினைப் போய்ப் பார் என்றேன்.

வெயில் நல்லாய் அடித்தது. இரண்டு பேருடைய கால் நகமும் வெட்டினேன். இவர் மூன்று மணி நேரம் ஒன்றையும் தேடவில்லை.

மே 29, வெள்ளி

சுப்பீரியர் ஏரிக் கரை. றோட்டு மலையில் ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டி வந்தது, பின்னால் வாகனங்கள் வரிசை கட்டி ஹோர்ன் அடித்தன. அடிக்கட்டும். உச்சிக்கு வந்து நாலாம் கியர் போட்டதும் இரைச்சல் தணிந்தது. இவர் என் கையையும் கியரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வலு வடிவா ஓட்டுறியள்," என்றார். "ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

"என்ரை மனிசனிட்டை."

"ஏசினவரோ?"

"ஏசாமல்? ஒருநாள் அழுதுகொண்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போனனான். பின்னாலை காரைக் கொண்டு வந்து, ஏறச் சொல்லிக் கெஞ்சினவர்."

அவருக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மனிசன் இப்ப எங்கை என்று கேட்டார்.

றோட்டு வளைந்தது, வளைவை முடித்துக்கொண்டு சொன்னேன்.

"கூடத்தான் வாறார்."

இவர் திரும்பிப் பின்கண்ணாடியால் ட்ரெயிலரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், மிச்சமிருந்த இரைச்சலில் சொண்டு அசைவதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

"அப்ப மெதுவா ஓட்டுங்கோ. படுக்கிறார் போலை. பாவம், எழும்பப்போறார்."

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் திரும்பவும் ஹோர்ன் அடித்தார்கள். முந்திக்கொண்டு போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தண்டர் பே வரைக்கும் அப்படியே ஓடினேன்.